ஏழுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி

தம்பி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நேற்றுத்தான் போனில் பேசினோம், நலமாகத்தான் இருக்கிறாய். நான் விஷயத்தை எடுத்ததும் "மீட்டிங் இருக்கும்மா, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டாய். தீபாவளியிலிருந்து இதோடு ஆறாவது "அப்புறம்". அடுத்த வாரம் நீ சுவிட்சர்லாந்துக்கு விமானம் ஏறுகிறாய், உன் கடிகாரக் கம்பெனியின் சரித்திரப் புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்க. அச்சான பிறகு அம்மா பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன. அதனால்தான் எழுதுகிறேன். போனைத் துண்டிக்கலாம், கடிதத்தைத் துண்டிக்க முடியாது. நகல் ஒன்று எடுத்துக்கொண்டுதான் அனுப்புகிறேன். உன் முதலாளி கேட்டால் தாராளமாகக் காட்டு. ஒளிக்க வேண்டியதையெல்லாம் முப்பது வருடம் ஒளித்தாயிற்று.

தீபாவளிக்கு முன்னால் நீ வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாய். கருநீல டயல் வைத்த பெண்கள் கைக்கடிகாரம், ஏழாம் எண் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. "அம்மா பாருங்க, இந்தப் புள்ளி வச்ச பீஸ் ஒலகத்துலயே கொஞ்சந்தான் இருக்கு, சேகரிக்கிறவங்க அடிச்சிக்கிறாங்க" என்று எழுதியிருந்தாய். கூடவே உன் புத்தகத்தில் அதற்காக நீ எழுதிய பத்தியும் வந்தது. பனிமலைக் கிராமம் ஒன்றில் கண் மங்கிப்போன ஒரு கிழவர், தன் கடைசிக் குளிர்காலத்தில் செய்த டயல்களில் ஊரின் பனியை ஒரு துளி விட்டுச் சென்றாராம். அழகாகத்தான் எழுதியிருந்தாய். படிக்கும்போது எனக்கே குளிர்ந்தது. ஆனால் தம்பி, அந்தப் புள்ளியை எனக்குத் தெரியும். அது பனி இல்லை. அது என் நெற்றியிலிருந்து விழுந்த திருநீறு.

தீபாவளியன்று இதைச் சொன்னபோது நீ முறுக்கைக் கடித்துக்கொண்டே சிரித்தாய். பிறகு நான் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு, "மா, வெளிய சொல்லாதீங்க, தஞ்சோங் ரம்புத்தானுக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க" என்றாய். இந்தக் கேலி எனக்குப் புதிதல்ல. பெரிய மனநல ஆஸ்பத்திரி இருக்கிற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப்போய்விட்டது. எனக்குப் பைத்தியம் இல்லை. கோபம்தான் இருக்கிறது, அதிலும் பாதிக்கு மேல் என்மேல்தான். அந்தக் கதையை நீ முழுதாகக் கேட்டதில்லை. கிலாங்கில், ஏதோ ஒரு தொழிற்சாலையில், வேலை செய்தேன் என்று மட்டும் உனக்குத் தெரியும். எந்தக் கிலாங், என்ன வேலை என்று நீ கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. இத்தனை கம்பெனி இருக்க நீ போய் இந்தக் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்தபோதும் வாயைத் திறக்காமல் மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்ததோடு சரி. அது என் முதல் தப்பில்லை என்பது போகப் போகத் தெரியும்.

உன் கம்பெனியின் டயல்களுக்குக் கடைசிப் பூச்சு பூசியது அந்தக் காலத்தில் ஈப்போவில். நகைக்கடை மாதிரி சுத்தமான ஒரு தொழிற்சாலை, நூற்றுக்கணக்கான பெண்கள், பாதிப்பேர் தோட்டத்துப் பிள்ளைகள். விடியும் முன்னால் கிலாங் பஸ் தோட்டத்து முச்சந்திக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். தோட்டத்துப் பெண்களை ஏன் தேடி எடுத்தார்கள் தெரியுமா? எங்களுக்குப் பால் வெட்டத் தெரியும். ரப்பர் மரத்துப் பட்டையை மயிரிழை கனத்துக்குச் சீவ வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் மரத்துக்குக் காயம், கொஞ்சம் விட்டால் பால் வராது. பத்து வயதிலிருந்து அம்மாவோடு மர நிரைக்குப் போய் அப்படிச் சீவிய கை, டயலைத் தூக்கும் சாமணத்தைப் பிடித்தால் நடுங்குமா? வெள்ளைக்காரப் பொறியாளர் ஒருவர் எங்கள் கையைப் பார்த்து வாய் பிளந்ததை நான் கண்ணால் பார்த்தேன். உன் புத்தகத்தில் "தலைமுறைகளாக மலைக்காற்றில் பதப்பட்ட கைகள்" என்று ஒரு வரி வருகிறதே, அந்தக் கைகள் கொசுக்கடியில் பதப்பட்டவை, ராசா. யாரோ பெற்ற பிள்ளைக்கு யாரோ பேர் வைத்த கதையாக இருக்கிறது.

அங்கே சட்டம் ஒன்று உண்டு. பவுடர் கூடாது, பூ கூடாது, பொட்டு கூடாது, திருநீறு கூடவே கூடாது. ஈரம் காயாத டயல்மேல் ஒரு துகள் விழுந்தால் அது அப்படியே பூச்சுக்குள் இறுகிவிடும், பிறகு சாமி வந்தாலும் எடுக்க முடியாது. வாசலிலேயே குழாய் இருக்கும். அதில் நெற்றியைக் கழுவிவிட்டு, முடி தெரியாமல் வெள்ளைத் தொப்பி மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். தைப்பூசத்துக்கு மறுநாள்கூட நாங்கள் வரிசையில் நின்று நெற்றியைக் கழுவினோம். யாரும் முணுமுணுக்கவில்லை. வேலை என்றால் வேலை.

உனக்கு அப்போது ஏழு மாதம். மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை, உடம்பு அனலாகக் கொதித்தது. உன் அப்பாவுக்குத் தோட்டத்து வேலை போயிருந்த சமயம் அது. தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள், லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தாள் வந்துவிட்டது, வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். ஆஸ்பத்திரி மருந்தும் கொடுத்தாயிற்று. நான்காம் நாள் பஸ் வருவதற்கு முன்னால், இருட்டோடு உன்னை மாரியம்மன் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பூசாரி உன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, அதே கையோடு என் நெற்றியிலும் பூசினார். "புள்ளைக்குக் காய்ச்ச எறங்குற வரைக்கும் இத அழிக்காதம்மா" என்றார். உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். வாசல் குழாயில் எல்லாரும் நெற்றியைக் கழுவினார்கள். நான் கழுவுவது போல் குனிந்து நிமிர்ந்தேன். தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டேன். என்னால் அழிக்க முடியவில்லை, தம்பி. படித்த உனக்கு இது மூடத்தனமாகத் தெரியும், தெரியட்டும். அழித்தால் நீ போய்விடுவாய் என்று நினைத்தேன்.

எனக்கு அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை. பூச்சு பூசிய டயல்களைத் தட்டோடு உள்ளே தள்ளி, காய்ந்ததும் எடுக்க வேண்டும், நாள் முழுக்க உட்கார முடியாது. எனக்கு முந்திய இடத்தில் அஞ்சலை அக்கா. ஈர டயலை லென்ஸ் வைத்துப் பார்த்து மூடியிட்டு அனுப்புவது அவர் வேலை, அதற்கு நாற்காலி உண்டு. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் மூன்று நாள் தூங்காத கண்ணோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "இங்க வா, நீ என் எடத்துல குந்து. மத்தியானம் வரைக்கும் அடுப்ப நான் பாத்துக்கிறேன்" என்றார். இடம் மாறுவது சட்டப்படி தப்பு. ஒவ்வொரு தட்டோடும் ஒரு சீட்டு போகும், அதில் யார் பார்த்தது என்று எண் இருக்கும். அக்காவின் எண் போட்ட சீட்டுகள் முன்னமே எழுதி அடுக்கியிருந்தன. நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் சீட்டுகளை வைத்து, நீல டயல்களைக் குனிந்து குனிந்து பார்த்தேன். வேர்த்தது. இரண்டு மூன்று முறை தொப்பியைச் சரி செய்தேன். சாயங்காலம் தொப்பியைக் கழற்றியபோது அதன் ஓரத்தில் வெள்ளையாகக் கோடு இருந்தது, நெற்றியில் பாதிதான் இருந்தது. வீட்டுக்கு வந்தேன். உனக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து வெளிநாட்டிலிருந்து தகவல் வந்தது, ஒரு தட்டு டயல் முழுக்க வெள்ளைத் தூசியாம். சிலவற்றைப் பிடித்துவிட்டார்கள், சில கடிகாரத்தில் ஏறிக் கடைக்கே போய்விட்டன. லைன் லீடர் சீட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு "சியாப்பா பூஞா?" என்று கேட்டாள். யாருடையது என்று அவளுக்கா தெரியாது, எண்ணே இருக்கிறதே. அஞ்சலை அக்கா எழுந்து நின்றார். நின்றுவிட்டு என்னைப் பார்த்தார். ஒரே ஒரு முறைதான். கோபமாகக்கூட இல்லை, "சொல்லு" என்கிற மாதிரி. நான் கையிலிருந்த தட்டைப் பார்த்தேன். லயத்துத் தாள், உன் பால்மாவு, உன் அப்பாவின் முகம், எல்லாம் நினைவுக்கு வந்தது. அதெல்லாம் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அக்காவுக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள். அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். நான் மேலும் பதினோரு வருடம் அங்கே வேலை செய்தேன். அந்தச் சம்பளத்தில்தான் நீ படித்தாய்.

அக்கா சித்தியவானுக்குக் குடிபோய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். ஈப்போவிலிருந்து எத்தனை தூரம்? பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். முப்பது வருடம் நான் ஏறவில்லை.

தீபாவளியன்று நீ சிரித்து முடித்த பிறகு ஒன்று கேட்டாய். "ஆதாரம் வேணும்லா மா. நீங்க சொன்னீங்கன்னு புஸ்தகத்துல போட முடியுமா? இதுக்கெல்லாம் ஆவணம் இருக்கணும்." கோபத்தில் எழுந்து உள்ளே போனேனே தவிர, நீ கேட்டது நியாயம்தான். சரித்திரம் எழுதுகிறவன் ஆதாரம் கேட்கத்தான் வேண்டும். அந்தக் கிழவருக்கு என்ன ஆதாரம் வைத்திருந்தாய் என்று நான் அப்போதே திருப்பிக் கேட்டிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை. பிறகு போனில் கேட்டேன். யாரோ ஒரு சேகரிப்பாளர் அப்படி இருக்கலாம் என்று எழுதினாராம், அதைப் பார்த்து இன்னொருவர் எழுதினாராம், கம்பெனிக்கும் பிடித்துப்போய்விட்டதாம். யாரும் பொய் சொல்லவில்லை, எல்லாரும் சேர்ந்து ஒரு பொய்யைச் செய்திருக்கிறீர்கள். அந்தக் கிழவருக்குப் பெயர்கூட இல்லை. பெயரே இல்லாதவருக்கு ஒரு பத்தி கொடுக்க முடிகிறது, பெயர் உள்ளவளுக்கு ஆவணம் வேண்டும் என்கிறாய்.

சரி என்று போன மாதம் சித்தியவானுக்கு பஸ் ஏறினேன். உன்னிடம் சொல்லவில்லை. விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொள்ள ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"வா. வழி தெரிய இம்புட்டு வருசமா ஒனக்கு?" என்றார். உட்காரச் சொல்லவில்லை. நானாகப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், திருநீறு, தொப்பி, எல்லாம். அவருக்கு இடம் மாறியது தெரியும், திருநீறு தெரியாது. நான் அழ ஆரம்பித்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"அழுவுறதுக்கா பஸ் ஏறி வந்த? ஒன் வூட்லயே அழுதிருக்கலாம்லா. நான் அழுது முடிச்சிட்டேன். வேற கிலாங்ல போயி வேல கேட்டா, முன்ன வேல செஞ்ச எடத்து லெட்டரக் கொண்டாங்கறான். கொண்டு போனா, படிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துர்றான். இருவது வருசம் எறால் உரிச்சேன், தெரியுமா? வெரல் நகமெல்லாம் அழுவிப் போச்சி."

"அக்கா, அந்த லெட்டரு இருக்கா?" என்று கேட்டேன்.

உள்ளே போய்ப் பிறப்புப் பத்திரங்களோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்ததைக் கொண்டுவந்தார். நான் அதுவரை அதைப் படித்ததில்லை. கவனக்குறைவு, வேலையிடத்தில் சுத்தம் பேணாமை என்று எழுதியிருந்தது. சுத்தம் பேணாதவராம். தினமும் எங்களுக்கெல்லாம் முன்னால் நகம் வெட்டி, கை கழுவி, வரிசையில் முதல் ஆளாக நின்ற மனுஷியை. அதற்குக் கீழே, கெட்டுப்போன டயல்களின் தட்டு எண் இருந்தது, ஒவ்வொரு டயலின் முதுகிலும் குத்தி அனுப்புகிற எண். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீ இரண்டாவதாக ஒரு படம் அனுப்பியிருந்தாயே, கடிகாரத்தைப் பிரித்து டயலின் முதுகைக் காட்டி, "கிழவரோட நோட்டுப் புத்தக நம்பர் போல" என்று? போனை எடுத்துக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அதே எண், தம்பி. ஓர் இலக்கம் மாறவில்லை. அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "என் தட்டு நம்பருதான்" என்று மட்டும் சொன்னார். நீ கேட்ட ஆவணத்தை முப்பது வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தது அவரை அவமானப்படுத்திய அதே தாள்தான்.

கிளம்பும்போது காலில் விழப் போனேன். அக்கா நகர்ந்துகொண்டார். "மன்னிப்பெல்லாம் அப்புறம். வாயால கேட்டா காத்தோட போயிரும். எழுத்துல வந்துச்சி, எழுத்துலதான் போவணும். அஞ்சல தப்புப் பண்ணலன்னு எழுதி வாங்கிட்டு வா. அதுக்குள்ள எனக்கு ஒண்ணும் ஆயிறாது, போ" என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் மகனிடம்தான் போய்க் கேட்க வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள் எழுத?

அக்கா வீட்டிலேயே அந்தக் கடிதத்தைப் படம் பிடித்துக்கொண்டு வந்து, மறுநாளே உனக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாய் என்று நீலக் கோடு காட்டியது. ஒரு நாள் கழித்துப் பேசினாய். எண் பொருந்துகிறது என்று ஒப்புக்கொண்டாய், அந்த மட்டுக்கும் சந்தோஷம். ஆனால், "இது மார்க்கெட்டிங்மா, சரித்திரப் பரீட்சையில்ல. ஈப்போன்னு எழுதினா அந்தக் கடியாரத்துக்கு மதிப்பு போயிரும், எனக்கு வேலையும் போயிரும்" என்றாய். அன்றைக்கு நான் போனை வைத்துவிட்டேன். பதில் இப்போது வருகிறது, கேட்டுக்கொள்.

மதிப்பு போய்விடும் என்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோற்றுக்கு மதிப்பு போய்விடும் என்கிறாய். அந்த நீலம் அழகென்றால் நாங்கள் செய்ததால் அழகு. நான் உன் கம்பெனியைத் திட்டவில்லை. சம்பளம் ஒழுங்காகக் கொடுத்தார்கள், பஸ் விட்டார்கள், தீபாவளிக்கு லீவு கொடுத்தார்கள். சுவிட்சர்லாந்தில் செய்ததை அந்த ஊர்க்காரர் பேரில் எழுது, ஒரு சொல்லும் குறைக்காதே. எங்கள் கையில் பட்டதை எங்கள் பேரில் எழுது, அவ்வளவுதான் கேட்கிறேன். ஒரு தாய் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று நெற்றியில் வைத்தது ஒரு கடிகாரத்துக்குள் இருக்கிறது என்று சொன்னால் அதை வாங்குகிறவன் ஓடிவிடுவானா? ஓடினால் ஓடட்டும். பனி என்று நம்பி வாங்குகிறவனைவிட, திருநீறு என்று தெரிந்து வாங்குகிறவன் மேல்.

வேலை போய்விடும் என்கிறாய். போகலாம். அம்மா பொய்யாகத் தைரியம் சொல்லவில்லை, நிஜமாகவே போகலாம். போனால் வீட்டுக்கு வா. உன் அறை அப்படியேதான் இருக்கிறது, சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள். "வேலை போய்விடும்" என்ற இந்தச் சொல்லை நான் ஒரு முறை எனக்குள் சொல்லிக்கொண்டேன், லைன் லீடர் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது. வேலை போகவில்லை. போனது அஞ்சலை அக்கா. அதற்குப் பிறகு பதினோரு வருடம் அந்தக் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தேன். அதில் வேறொரு பெண் உட்கார்ந்தாள், எனக்கு அது காலியாகவேதான் தெரிந்தது. உனக்கு வீடு வாசல் என்று பெரிதாக எதையும் நான் எழுதி வைக்கப் போவதில்லை. இந்தப் பயத்தை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. என்னோடு முடியட்டும்.

நீ நல்ல பிள்ளை. அதனால்தான் உன்னிடம் இவ்வளவு கோபம் வருகிறது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் சன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு, வேறு ஒருவனை அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நீயாகப் போய் நின்றாய். வாத்தியார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். எல்லாரும் உன்னைப் பாராட்டினார்கள். இது எங்கிருந்து இவனுக்கு வந்தது, என்னிடமிருந்து இல்லையே என்று நினைத்துக்கொண்டே நடந்து வந்தேன். அந்தப் பையன் இன்னும் உள்ளே இருக்கிறானா என்றுதான் இப்போது பார்க்கிறேன்.

உனக்கு எழுதச் சொல்லித்தர எனக்குத் தகுதியில்லை, ஆறாம் வகுப்போடு சரி. இருந்தாலும் வேலையைக் குறைக்கிறேன். அந்தக் கிழவரை எடுத்துவிட்டு இதைப் போடு: "இந்த வெள்ளைப் புள்ளி, ஈப்போ தொழிற்சாலையில் டயல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாயின் நெற்றியிலிருந்து விழுந்த திருநீறு. அதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்ட அஞ்சலை எந்தத் தவறும் செய்யவில்லை." இரண்டே வரி. முன்னதில் என் பேர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பின்னதில் அவர் பேர் இருந்தே ஆக வேண்டும். அச்சில் வந்ததும் ஒரு பிரதியைச் சித்தியவானுக்கு நானே கொண்டு போவேன். அவர் அப்போது என்ன சொன்னாலும் சரி, ஒன்றும் சொல்லாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாலும் சரி.

எழுத முடியாது என்று முடிவெடுத்தால் அதையும் நேராகச் சொல்லிவிடு, "அப்புறம்" வேண்டாம். கோலாலம்பூர் ஓட்டலில் வெளியீட்டு விழா என்று எனக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறாய், அம்மாவுக்கு முன்வரிசை என்று. இரண்டு நாற்காலியாகப் போடச் சொல். அஞ்சலை அக்காவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவர் கையில் அந்தக் கடிதம் இருக்கும். நீ மேடையில் அந்தக் கிழவரின் கதையைச் சொல்லி முடித்து, கேள்வி உண்டா என்று கேட்பாய் அல்லவா, அப்போது நான் எழுந்திருப்பேன். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டுதான் வருவேன். இந்த முறை தொப்பி கிடையாது.

உன் அம்மா